பாதி ஆட்டத்தில் ஒரு பொன்னாடை

ஐந்து மணி நிகழ்ச்சியை நான்கு மணி என்று பொய் சொல்லித்தான் என் மனுசன் லோறன்ஸை வீட்டிலிருந்து கிளப்பினேன். எங்கள் தமிழ்ச் சங்க விழாக்களில் ஐந்து என்று அச்சடித்தால் ஏழு என்று அர்த்தம். அவரோ அந்தச் சங்கத்தின் தலைவர். ஜெர்மன்காரன் ஐந்துக்குக் கதவைச் சாத்திவிடுவான். அன்றைக்கு மட்டும் அப்படி நடக்கக் கூடாது என்று மாதாவை மன்றாடிக்கொண்டுதான் ரயிலில் ஏறினேன்.

எங்கள் மகள் லாராவுக்கும் அவளுடைய அப்பாவுக்கும் நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. லாரா பிசியோதெரபிஸ்ட். மணிக்கட்டு வலி என்று அவளிடம் வந்த ஜூலியனைக் கட்டப்போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் சொன்னாள். பெடியன் ஜெர்மன்காரன் என்பதைக்கூட லோறன்ஸ் எப்படியோ விழுங்கிவிட்டார். அவன் ஸ்பானிய ஃபிளமெங்கோ கிற்றார் வாசிக்கிறவன், வேறு தொழில் கிடையாது என்றதும்தான் சோற்றுக்கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"கிற்றார் அடிக்கிறது ஒரு வேலையோ? எங்கட சேர்ச்சுப் பூசையில ஆர் சும்மா நிக்கினமோ அவையள்தான் அடிக்கினம். ஒரு அவுஸ்பில்டுங், தொழிற்படிப்பு முடிச்சு, கையில தொழில் உள்ளவனெண்டால் கதைக்கலாம்."

ஜூனில் பதிவுத் திருமணம், வந்தால் வாங்கோ, வராவிட்டால் நீங்கள் இல்லாமலே நடக்கும் என்று லாராவும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். நடுவில் கிடந்து அரைபட்டது நான்தான். அழுது பார்த்தேன், சண்டை பிடித்துப் பார்த்தேன், கடைசியில் சமைக்காமல் இருந்து பார்த்தேன். சமைக்காதது வேலை செய்தது.

"ஒருக்கா வந்து அவன் வாசிக்கிறதைப் பாக்கிறன். பிடிக்கேல்லையெண்டால் ஜூனைப் பற்றி ஒருத்தரும் என்னோட கதைக்கக் கூடாது" என்றார். இந்த ஒரு பின்னேரத்தில்தான் என் பிள்ளையின் கல்யாணத்தில் அவளுடைய அப்பா நிற்பாரா இல்லையா என்பது இருந்தது.

பிராங்பேர்ட்டில் பழைய தொழிற்சாலை ஒன்றை மண்டபமாக்கி வைத்திருந்தார்கள். உயரம் குறைந்த மரமேடை, அதில் நாலைந்து கதிரை, அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த லாரா திரும்பி எங்களைக் கண்டாள். சிரிக்காமல் திரும்பிக்கொண்டாள். லோறன்ஸ் அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்றார். கோபத்தில் இருக்கிற மனுசனோடு கோட்டுக்காக மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

முதலில் கறுப்புச் சட்டை போட்ட பாட்டுக்காரர் ஒருவரும், கைதட்டித் தாளம் போடுகிற பெண் ஒருத்தியும், கிற்றாரோடு ஜூலியனும் வந்து இருந்தார்கள். பிறகு ஆடுகிறவள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும், நல்ல பருத்த உடம்பு.

"இவவோ ஆடப்போறா? எங்கட கண்மணி அக்கான்ர வயசிருக்குமே" என்றார் லோறன்ஸ்.

"பேசாமல் இருங்கோ."

பாட்டுக்காரர் கண்ணை மூடி, தொண்டை கிழிய ஒரு குரல் எடுத்தார். தவக்காலத்தில் யேசுவின் பாடுகளைப் பசாமாகப் படிக்கும்போது வருமே, அப்படி ஒரு அழுகை அதில் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லோறன்ஸ் என் பக்கம் சரிந்து, "ஆளுக்கு வயித்துக்குத்தோ?" என்று கேட்டார். முன்னால் இருந்த ஜெர்மன் பெண் திரும்பி முறைத்தாள். நான் அவருடைய தொடையில் நல்லாக ஒரு கிள்ளுக் கிள்ளினேன்.

ஆட்டம் தொடங்கியதும் அவருடைய வாய் மூடிக்கொண்டது. அந்தப் பெண்ணின் குதிக்கால் மரப்பலகையில் விழ விழ, எங்கள் கதிரைக் கால்கள் வழியாக அதிர்வு ஏறியது. கொஞ்ச நேரத்தில் லோறன்ஸ் முன்னுக்குக் குனிந்து உற்றுப் பார்க்கத் தொடங்கினார். பார்த்தது ஆடுகிறவளை அல்ல.

"பிளோறன்ஸ், பெடியனைப் பார்" என்று என் காதில் குசுகுசுத்தார். "தன்ர கையைப் பாக்கிறானில்லை. அவவின்ர காலைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறான்."

பார்த்தேன். உண்மைதான். அவள் கால் வேகம் எடுத்தால் இவனும் வேகம் எடுத்தான். அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்து அசையாமல் நின்றால், இவனும் கம்பியில் விரலை வைத்தபடி மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். அவள் அசைந்த பிறகுதான் அவனுடைய விரல் அசைந்தது.

"அவ நிண்டால் இவன் நிக்கிறான்" என்றார்.

"ஓம்" என்றேன். கட்டின நாளிலிருந்து தெருவில் என்னை விட்டுவிட்டு விறுவிறு என்று முன்னால் நடக்கிற மனுசன் இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் சிரித்துக் காரியத்தைக் கெடுக்கப் பயமாகவும் இருந்தது.

அப்போது ஆடுகிறவள் சுழன்று வந்து, காலை ஓங்கி அடித்து, ஒரு கையை உயர்த்தியபடி அப்படியே நின்றாள். கிற்றார் நின்றது. மண்டபத்தில் ஒரு இருமல் இல்லை. லோறன்ஸ் எழும்பினார்.

வெளியே போகப்போகிறார், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் கதவுப் பக்கம் போகவில்லை. மேடைப் பக்கம் போனார். போகிற போக்கில் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொன்னாடையை உருவினார்.

எங்கள் விழாக்களில் ஆடினவருக்கும் பாடினவருக்கும் கடைசியில் தலைவர் மேடையேறிப் பொன்னாடை போர்த்துவார். பிடித்ததோ பிடிக்கவில்லையோ, கலைஞரை வெறுங்கையோடு பார்த்துவிட்டு வருவது மரியாதை இல்லை என்பது லோறன்ஸின் கொள்கை. இதெல்லாம் சரிதான். ஆனால் ஆட்டம் முடியவில்லை. இவர்களுடைய ஆட்டத்தில் இப்படி நடுவில் நின்று, பிறகுதான் மிச்சத்தை ஆடுவார்கள் என்று லாரா எனக்குச் சொல்லியிருந்தாள். நான் அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

படியேறினார். ஆடுகிறவள் உயர்த்திய கையை இறக்காமல் கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளைத் தாண்டிப் போனார். பொன்னாடையை விரித்து ஜூலியனின் தோளில் போர்த்தி, கும்பிட்டு, சனத்தின் பக்கம் திரும்பித் தானே முதலில் கைதட்டினார். வேறு ஒருவரும் தட்டவில்லை. அவருடைய கையும் மெல்ல மெல்ல நின்றது. நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது எனக்கு.

ஜூலியன் சிரிக்கவில்லை. மடியில் கிற்றாரோடு தலையைத் தாழ்த்தி வணங்கினான். ஆடுகிறவள் கையை இறக்காமலே, எங்கள் "சபாஷ்" போல, "ஓலே" என்றாள். பாட்டுக்காரர் "ஓலே" என்றார். பிறகு மண்டபமே சொல்லிக் கைதட்டியது. பாட்டுக்காரர் எழும்பி ஜூலியனின் வலது கையை மறைத்த துணியை ஒதுக்கி இடது தோளில் சொருகிவிட, அவள் குதிக்காலை இறக்கினாள். அவனும் அதோடு சேர்ந்து தொடங்கினான்.

லோறன்ஸ் முகம் கறுத்துப்போய் வந்து இருந்தார்.

"முடிஞ்சுதெண்டு நினைச்சன்."

"இன்னும் பாதி கிடக்குது" என்றேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே யோசனை. தெரிந்துதான் போர்த்தினாரா, அல்லது பதற்றத்தில் ஆள் மாறிவிட்டதா? கேட்கப் பயந்து கடைசிவரை கேட்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளிக் கூடத்தில் நின்றோம். ஜூலியன் வந்தான். பொன்னாடையை அழகாக மடித்து இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியிருந்தான். இது ஆடினவருக்குப் போக வேண்டியது என்று லாரா சொன்னாள், தவறி என்னிடம் வந்துவிட்டது, அதுதான் கொண்டுவந்தேன் என்று ஜெர்மனில் பணிவாகச் சொன்னான். பின்னால் லாரா உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். லோறன்ஸ் கையை நீட்டி அதை வாங்கிவிட்டால் எல்லாம் அதோடு போச்சு.

அவர் லாராவைப் பார்த்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அவளோடு வாய் திறந்தார்.

"அவனுக்குச் சொல்லு. கொண்டந்தது ஆடினவவுக்குத்தான். ஆனால் தெரிஞ்சுதான் இவனுக்குப் போத்தினனான். போத்தினதைத் திருப்பி வாங்கிற பழக்கம் எங்களிட்ட இல்லை." கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆட்டம் முடியேல்லையெண்டதுதான் எனக்குத் தெரியாது" என்றார்.

லாரா மொழிபெயர்க்கவில்லை. லோறன்ஸ் அவன் கையிலிருந்த துணியைத் தானே எடுத்து உதறி, இரண்டாம் முறையும் அவன் தோளில் போர்த்திவிட்டார். நாலு மாதமாக என் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய வேகத்தில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே படுத்து நிம்மதியாக ஒரு நித்திரை கொள்ளலாம் போல இருந்தது.

"ஜூனில எத்தினையாம் திகதியெண்டு சொன்னனீ?" என்று லோறன்ஸ் கேட்டார்.

லாரா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. திகதியை நான்தான் சொன்னேன்.