ஹயாத்தின் கல்யாண விரிப்பு

தன் மகள் ஹயாத்தின் கல்யாணத்துக்கென்று லல்லா ஷமா தைத்து முடித்த மேசைவிரிப்பை நான்கு சுமைக்காரர்கள் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. வெள்ளைத் துணி, அதில் நீல நூலால் மரமும் நட்சத்திரமும்; அவ்வளவுதான். ஃபெஸ் நகரத்தில் அந்த ஆண்டு ஆலிவ் விளைச்சல் சுமார், கழுதை வாடகை ஏறியிருந்தது, விரிப்பு எழும்பவில்லை. பூவேலை கனப்பது இந்தத் தெருவுக்குப் புதிதா என்று சொல்லிவிட்டு, சுமைக்காரர்கள் கூலியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். வியாழக்கிழமை மதியங்களில் ஷமாவின் முற்றத்தில் ஊரார் 'லல்லா' என்று மரியாதையாக அழைக்கும் வசதியான வீட்டுப் பெண்கள் ஊசியும் நூலுமாகக் கூடுவார்கள். அவர்களில் ஒருத்திக்கும் தைத்துப் பிழைக்க வேண்டிய தேவை இல்லை. பொழுதுபோக்கு என்று பெயர். உள்ளதைச் சொல்ல வேண்டும், கை சுத்தம். இழை எண்ணி ஊசி இறக்கி, நூல் துணிக்குள் வழுக்கிப் போகும்போது ஷமாவின் முகத்தில் வரும் இன்பம் பொய்யில்லை. ஆனால் கை ஓடினால் வாய் சும்மா இருக்காது. எவள் வீட்டுச் சமையல், எவள் கணவன், எவள் மூக்கு என்று ஊரில் ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார்கள். பேசியதெல்லாம் தையலில் சிக்கிக் கனமாகும். சாதாரணமாக ஒரு கைக்குட்டை பூசணிக்காய் கனம் கனக்கும். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள். ஹயாத்துக்கு வரன் அமைந்த பிறகு ஷமாவின் வாய்க்கு ஒரே இலக்குதான்: மாப்பிள்ளையின் தாய் லல்லா ருக்கூஷ். விரிப்பு முழுவதும் அவளைப் பற்றிப் பேசியே தைத்து முடிக்கப்பட்டது.

ஃபெஸ் தையல் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பின்பக்கம் முடிச்சு தெரிந்தால் தைத்தவளின் மானம் போய்விடும். ஆகவே கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையின் தாய் வந்து விரிப்பைப் புரட்டிப் பார்ப்பாள். ருக்கூஷ் வந்தாள், தேநீர் குடித்தாள், பாதாம் பலகாரத்தை மோந்து பார்த்துவிட்டு வைத்தாள், விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"என்ன சம்பந்தி, தரையோட சேத்துத் தச்சுட்டீங்களா?"

"கொஞ்சம் கனமா அமைஞ்சு போச்சு" என்றாள் ஷமா.

"பின்னாடி முடிச்சு முடிச்சா இருக்கு, அதான் காட்டலன்னு நாளைக்கு என் நாத்தனாருங்க சொல்லுவாங்க. புரட்டிக் காட்ட முடியாத வீட்டுல நான் எப்படிப் பொண்ணெடுக்கறது?" ருக்கூஷ் எழுந்து செருப்பைத் தேடினாள்.

ஹயாத் அம்மாவின் காதருகே குனிந்தாள். "பிரிம்மா. எனக்கு அவரத்தான் கட்டணும்."

பிரித்தால் கனம் குறையும். ஆனால் இழையில் சிக்கிய பேச்சு, பேசியவளின் குரலிலேயே வெளியே வரும். அதனால்தான் இந்த ஊரில் யாரும் தைத்ததைப் பிரிப்பதில்லை. ஷமா மகளைப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். வாழ்நாளில் அவள் செய்த ஒரே வீரச் செயல் அதுதான். அதுவும் வேறு வழியில்லாமல்.

முதல் இலை பிரிந்ததும் அவள் குரல் முற்றத்தில் கேட்டது: "அவ தலமுடியில பாதி ஆட்டு முடி." அடுத்த இலை: "அவ வச்ச கோழிக்கறிய அவ வீட்டுப் பூனையே திங்கறதில்ல." அடிமரத்துக்கு வந்தபோது: "காது கேக்கலன்னு நடிச்சு நடிச்சே அவ புருஷன் இத்தன வருஷத்த ஓட்டிட்டான்." ஷமாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தில் செத்துப்போய்விடலாம் போலிருந்தது, ஆனாலும் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. ருக்கூஷ் மறுபடி உட்கார்ந்து, ஒதுக்கி வைத்த பலகாரத்தை எடுத்துத் தின்றாள்.

பாதி மரம் போனதும் விரிப்பு எழும்பியது. ருக்கூஷ் அதைப் புரட்டினாள், விரலால் தடவினாள், ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்த்தாள்.

"முடிச்சே இல்ல" என்றாள். "நல்ல கை."

"நான் பேசினதெல்லாம்..." என்று இழுத்தாள் ஷமா.

"கேட்டேன். அவர் நடிக்கறது எனக்கும் தெரியும். உங்களப் பத்திப் பேசிக்கிட்டே நான் தச்ச தலகாணி உறை எங்க மாடியில கெடந்துச்சு. போன வாரம் தளத்த ஒடைச்சுக்கிட்டு சமையக்கட்டுக்கு எறங்கிடுச்சு."

கல்யாணம் நடந்தது. பாதி மரத்தோடு விரிப்பு மேசையில் கிடந்தது. வந்தவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இப்போது வியாழக்கிழமைகளில் ருக்கூஷும் ஊசியோடு அந்த முற்றத்துக்கு வருகிறாள். ஹயாத்துக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு இருவரும் சேர்ந்து தொட்டில் விரிப்பு தைக்கிறார்கள். திட்டுவதற்கு ஊரில் ஆளுக்கா பஞ்சம்? அவர்கள் திருந்துவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஹயாத் மட்டும் கொத்தனாரைக் கூப்பிட்டு, தொட்டில் வைக்கப்போகும் அறைக்கு அடியில் இரண்டு இரும்புத் தூண் கொடுக்கச் சொன்னாள்.