மூன்று நட்சத்திரக் கூரைக்காரர்

மே மாதம் முதல் மழை இறங்கியதும் ஏற்காட்டுக் காட்டேஜ்களில் பக்கெட்டுகள் வெளியே வரும். ஒழுகுகிற இடத்துக்கு அடியில் ஒன்றை வைத்துவிட்டு, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருக்கும் வீட்டுக்காரர்கள் போனில் ஆள் தேடுவார்கள். மேப்பில் மூன்று பெயர்கள் வரும். மூன்றும் சேலத்துக் கம்பெனிகள். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து, பார்த்து, பூசிவிட்டு இறங்கிப் போவார்கள். பத்து வீடு தள்ளிக் குடியிருக்கும் லூர்துராஜின் பெயர், திரையை எவ்வளவு தள்ளினாலும் வராது.

லூர்துராஜ் ஓடு மாற்றுவார், ஷீட் போடுவார், ஒழுகல் அடைப்பார். எஸ்டேட் பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிப்போக, அவரைத் தெரிந்த, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர்களும் போய்விட்டார்கள். சேலத்துக் கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசர் வெங்கடேஷ் மாதச் சம்பளத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். போனால் குடும்பத்தோடு கீழே இறங்க வேண்டியதுதான்.

அவர் மனைவி தேவகுமாரிக்கு இறங்க மனமில்லை. அவள் சமையல் செய்யும்போது ஜன்னல் வழியே மேகம் உள்ளே வரும். சொந்தக்காரர் மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அடுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போகும். சேலத்தில் ஜன்னல் வழியே என்ன வரும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். வெயில்தான் வரும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெயபிரகாஷிடம் போய்க் கேட்டாள். மேப்பில் கடையைச் சேர்க்க வேண்டும், வேலை நிஜமென்று வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், போர்டு தெரிய வேண்டும் என்றார் அவர். போர்டு ஏது? உடைந்த ஷீட் துண்டில் லூர்துராஜே பெயின்டால் எழுதினார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் ஏணியில் ஏற, தேவகுமாரி சிரித்ததில் வீடியோ ஆடிப்போய் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வழியாக மேப்பில் பெயர் வந்தது. ஆனால் அடியிலும் அடியில்.

வேலை செய்து கொடுத்த வீட்டுக்காரர்கள் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினால் மேலே ஏறும் என்றார் ஜெயபிரகாஷ். தேவகுமாரி தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். மாரமங்கலத்துப் பக்கம் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் எழுதியும் விட்டார்கள்.

அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒருவர்கூட ஐந்து நட்சத்திரம் போடவில்லை. வேலை சுத்தம், ஆனால் ஏணி வைத்து ரோஜாச்செடியை நசுக்கிவிட்டார் என்று ஒருவர். நல்ல மனிதர், ஆனால் மேலே நின்று பாடுகிறார், சகிக்கவில்லை என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் மேல் மிளகுத் தோட்டக்காரி அத்தாயி. மூன்றே நட்சத்திரம்.

“ஓடு மாத்துனாரு, இப்ப ஒழுகறதில்லை. ஆனா வேலை முடிஞ்சாலும் ஊட்டை உட்டுப் போகமாட்டேங்கறாரு. மழை பேஞ்சு பாத்துட்டுத்தான் போவேன்னு நாள் பூரா உக்காந்துக்கறாரு. அவருக்குக் காப்பி வெச்சே பால் தீந்துபோச்சு.”

மறுநாள் காலை பஸ்ஸிலேயே தேவகுமாரி மாரமங்கலம் போனாள். அத்தாயி களத்தில் மிளகு துழாவிக்கொண்டிருந்தவள், முகமெல்லாம் மலர்ந்து, எழுதினது வந்துவிட்டதா என்று கேட்டாள்.

“வந்துச்சுங்க. ஏனுங்க அக்கா, உங்களுக்கு அவரு மேல என்ன கோவம்?”

“கோவமா? நல்லா கேட்டே போ. எல்லாமே நல்லதுன்னு ஊரறிய எழுதுனா கண்ணு பட்டுராதா? புது ஊடு கட்டுனா முன்னால பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சு எதுக்குத் தொங்க உடறோம்? அதுமாதிரிதான் சாமி. ஆளுக்கு ஒரு குறை எழுதோணும்னு பேசி வெச்சுத்தான் எழுதினோம்.”

பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுத்த அன்று தன் மகள் கன்னத்தில் மையை வைத்து அனுப்பியவள்தானே தேவகுமாரியும். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, கையில் ஒரு பை மிளகோடு திரும்பினாள்.

விஷயத்தைக் கேட்ட லூர்துராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். “பொய் ஒண்ணும் எழுதலியே. பால் தீந்தது நெசந்தான்” என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, வெங்கடேஷுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டார். மாதக் கடைசி நெருங்கிவிட்டிருந்தது. தேவகுமாரி அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை ஒரு போன் வந்தது. சாரா என்று ஒரு பெண், பெங்களூர்க்காரர். கிளியூர் போகிற ரோட்டில் அவருக்கு ஒரு காட்டேஜ் இருக்கிறதாம். ஒவ்வொரு வருஷமும் யாராவது வந்து அடைக்கிறார்கள், ஒவ்வொரு மழைக்கும் கட்டிலை நகர்த்திப் போட வேண்டியிருக்கிறது என்றார்.

“வர்றவங்க எல்லாம் வெயில்ல வந்து வெயில்லயே போயிடறாங்க. மழை வர்ற வரைக்கும் உட்கார்ந்து பார்ப்பாராமே, அவர் இங்கேதானா?”

தேவகுமாரி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

“இங்கதானுங்க. காப்பி மட்டும் நீங்க குடுக்கோணுங்க.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

லூர்துராஜ் ஓட்டைப் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றி, திரும்ப வேய்ந்து முடித்தார். முடித்த அன்று பார்த்து வானம் துடைத்து விட்டது போல இருந்தது. அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாளும் போய் உட்கார்ந்தார். அன்றுதான் மாதக் கடைசி. வெங்கடேஷ் கூப்பிட்டபோது, மழைக்குக் காத்திருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அது என்ன பதில் என்று அந்த மனிதர் குழம்பியிருப்பார்.

தேவகுமாரி வீட்டிலிருந்தபடியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்வராயன் கோயில் உச்சி மதியம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. சாயங்காலம் அதைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தலைக்கு மேலேயும் சடசடவென்று ஆரம்பித்தது. சுவரோரம் சாய்ந்து நின்று, போனைக் கையில் வைத்துக்கொண்டாள். மழை வலுத்தது. காற்று திரும்பி அடித்தது. போன் அடிக்கவில்லை. ஒழுகுகிறதோ என்று நினைத்தாள். நினைக்கக்கூடாது என்றும் நினைத்தாள்.

கடைசியில் அவர் குரல் வந்தபோது, அதைவிடப் பெரிதாக மழைச் சத்தம் கேட்டது.

“ஒரு சொட்டு இல்ல, தேவி. சாராம்மா கட்டிலைப் பழைய இடத்துலயே இழுத்துப் போட்டாச்சு. பக்கத்துக் காட்டேஜ்காரரு இங்கதான் நிக்கறாரு, நாளைக்கே வரச் சொல்றாரு. அவங்க ரோட்டுல இன்னும் நாலஞ்சு ஊடு ஒழுகுதாம். நான் டார்ச் எடுத்துட்டு, ஓட்டுக்கடியில ஈரம் இருக்குதான்னு பாக்க மச்சுக்குள்ள ஏறோணும். வெங்கடேஷுக்கு நீயே சொல்லிடறியா?”

என்ன சொல்ல வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. சாரலில் நனைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சேலத்துக்குப் போன் போட்டாள். வெங்கடேஷ் எடுத்ததும், கீழே அனல் தாங்கவில்லை, மேலே எப்படி என்று விசாரித்தார்.

“இங்க நொம்ப மழைங்க அண்ணா” என்றாள் தேவகுமாரி. “அவரு வேலையில இருக்கறாரு. நாங்க வரலீங்க.”