மெம்பர் பொம்மை

வெண்பாவின் வாழ்க்கையில் ஒரு வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டவர் பழமலைநாதன். கத்தியைக் காட்டிப் பிடுங்கவில்லை, கார் சார்ஜர் வயரின் முனைப்பிடியை, 'கன்' என்பார்கள், அதைக் கழற்றிப் பிடுங்கினார். கேட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பெற்றவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெற்றவள் அன்பரசி. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பொம்மைப் பட்டறை வைத்திருப்பவள். புருஷன் திருமால் சிங்கப்பூரில். புதுச்சேரிக் கடைகளுக்குப் பொம்மை கொண்டுபோகப் பழைய எலெக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கியிருந்தாள். போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குப் புதுச்சேரியில் மருத்துவ நுழைவுத் தேர்வு. முந்தின ராத்திரி காற்றடித்துத் தெருவில் கரண்ட் போனதில் கார் சார்ஜ் ஏறவில்லை. காலையில் நேராக பைபாஸில் இருக்கும் பழமலைநாதனின் கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். அக்கம்பக்கத்தில் ஃபாஸ்ட் சார்ஜர் இருந்தது அங்கே மட்டும்தான்.

அந்த சார்ஜருக்கு இரண்டு விலை. வருஷச் சந்தா கட்டி கார்டு வாங்கிய மெம்பருக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஏறக்குறைய அதைப்போல் இரண்டு பங்கு. அன்பரசி அதைக் குறை சொல்லவில்லை. கடை வைத்தவன் விலை வைக்கிறான். முணுமுணுக்காமல் கூடுதல் விலையைக் கட்டினாள். பாதி ஏறியிருக்கும்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. திட்டக்குடி ரைஸ் மில்காரர், மெம்பர். பழமலைநாதன் போனில் எதையோ அழுத்தி சார்ஜை நிறுத்தினார். கன்னைக் கழற்றினார்.

"மெம்பர் வந்துட்டாரும்மா. வண்டிய கொஞ்சம் ஓரமா போட்டுக்க."

"அண்ணே, பொண்ணுக்குப் பரீட்ச இருக்குது. இன்னும் கொஞ்சம் ஏறுனா போயிடுவோம். வேணும்னா நானும் இப்பவே மெம்பரா சேந்துக்கறேன், பணத்த வாங்கிக்குங்க."

"ஞாயித்துக்கெழம ஆபீஸு லீவு. நாளைக்கி வா, கார்டு போட்டுத் தரேன்" என்று வலது உள்ளங்கையை நீட்டிச் சொல்லிவிட்டு, ரைஸ் மில்காரருக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பப் போய்விட்டார்.

மில்காரர் நகர்வதாக இல்லை. கடைசியில் ஒரு வாடகைக் காரைத் தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தேர்வுக்கூடத்தின் கேட்டைச் சாத்திவிட்டார்கள். இரண்டு நிமிஷம் லேட். வாட்ச்மேன் நல்ல மனிதர், கையைப் பிசைந்தார், ஆனால் திறக்க அவருக்கு அதிகாரம் இல்லை. வெண்பா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் தேவலை. ஹால் டிக்கெட்டை நான்காக மடித்துக்கொண்டே இருந்தாள். அந்த மடிப்பு அன்பரசியின் நெஞ்சுக்குள் அன்றைக்கே விழுந்துவிட்டது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அன்பரசி கஞ்சியை ஆறவே விடவில்லை. மண்டபத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காரை மெதுவாக ஓட்டி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டாள். மேலே முறுக்கிய மீசை. மூக்கின்மேல் மிளகு போல ஒரு மச்சம். யாரோடு பேசினாலும் தானாக நீளும் உள்ளங்கை. விதவிதமாகச் சாமி முகம் பிடித்துப் பழகிய கைக்கு இந்த முகமா வராது?

மாசி மகத்துக்கு அந்தப் பொம்மை கடைக்கு வந்தது. உண்டியல் பொம்மை. சார்ஜர் கம்பத்தில் சாய்ந்தபடி, கழுத்தில் வயரை மாலையாகப் போட்டுக்கொண்டு, கையை நீட்டி, வாயை ஆவென்று திறந்துகொண்டு ஒரு மீசைக்காரர். காசை வாயில் போட வேண்டும். பெயர் எதுவும் போடவில்லை. ஊருக்கே தெரிந்த முகத்துக்குப் பெயர் எதற்கு? கோயில் வாசல் கடைகளில் குழந்தைகள் "மெம்பர் மாமா வேணும்" என்று அடம்பிடித்தார்கள். டாக்சிக்காரர்கள் டேஷ்போர்டில் ஒட்டிவைத்தார்கள். மண்டபத்துக்கு சார்ஜ் போட வந்தவர்கள்கூட, பழமலைநாதன் பார்க்கும்படி காரில் வைத்திருந்த அதன் வாயில் ஒரு காசைப் போட்டுவிட்டுத்தான் கன்னை மாட்டினார்கள்.

மனிதர் புகார் கொடுக்கப் போனார். இன்ஸ்பெக்டர் பொம்மையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது நீங்கதான்னு எழுதிக் குடுக்கறீங்களா சார்?" தேள் கொட்டிய திருடன் கத்தவா முடியும்? பழமலைநாதன் எழுந்து வந்துவிட்டார். இந்தக் கதை காதுக்கு வந்த அன்று அன்பரசி பாயசம் வைத்தாள்.

வெண்பாவுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. அடுத்த தேர்வுக்குப் பட்டறை மூலையிலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். "போதும்மா. அந்தாள் மூஞ்சியையே வூட்டுல அடுக்கி வச்சிக்கினு இருந்தா நான் எப்பிடி மறக்கறது?" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. அச்சும் தேய்ந்துவிட்டிருந்தது. பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்றி ஊற்றி எடுத்தால் அது மழுங்கிவிடும். மச்சம் இப்போது இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. இந்தச் சூளையோடு நிறுத்திவிடலாம் என்று அன்பரசி முடிவுசெய்திருந்தாள்.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் பழமலைநாதனே வந்தார். பட்டறையின் இரும்பு கேட்டுக்கு வெளியே, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். மீசையைச் சிரைத்திருந்தார். மச்சத்தை என்ன செய்வது, அது அங்கேயே இருந்தது.

"கேட்டத் தொறம்மா. ரெண்டு நிமிஷம் பேசணும்."

அன்பரசி கேட்டுக்கு உள்ளேயே நின்றாள். பல மாதங்களாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொல் அது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம ஆபீஸு லீவுங்க."

அவர் முகம் வெளுக்கும் என்று காத்திருந்தாள். வெளுக்கவில்லை. "லீவுன்னா என்னா, உள்ள ஆளுங்க இருக்குதுல்ல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத பாரும்மா, வெல கூடன்னு கோவம். புரியுது. ஒனக்கு ஆயுசுக்கும் மெம்பர்ஷிப்பு ஃப்ரீயா தரேன். அச்ச ஒடச்சிடு. பேத்திய ஸ்கூல்ல கேலி பண்றாங்க."

"வெலைக்காகவா? என் பொண்ணுக்கு ஒரு வருஷம் போச்சுங்களே, அதத் தருவீங்களா?"

"எந்தப் பொண்ணு? என்னா வருஷம்?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. அவர் மச்சத்தின் அளவுகூட அன்பரசிக்கு மனப்பாடம். அவர் நினைவிலோ அந்தக் காலை நேரமும் இல்லை, காருக்குள் ஹால் டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்த பெண்ணும் இல்லை. அன்பரசிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேத்தி என்று கேட்டபோது உள்ளே ஏதோ இளகியது நிஜம். அதுவும் அந்த நொடியே இறுகிப்போனது.

"நேரமாயிடுச்சுங்க" என்று சொல்லி, கேட்டுக்கு உள்பக்கம் பூட்டைப் போட்டாள். வெளியே அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நிமிஷம்தாம்மா, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திரும்பினாள். மூலையில் வெண்பா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பரணிலிருந்து அச்சு எடுப்பதற்காக முதலில் கையால் பிடித்த அந்தப் பொம்மையின் மூல உருவை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள். பிறகு உள்ளே போய், பிரிக்காத பிளாஸ்டர் மூட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"புது அச்சு எடும்மா" என்றாள். "மச்சத்த இன்னும் கொஞ்சம் பெருசா வையி."