மாடிப்படி இறங்கி வந்த இதயங்கள்

புற்றுநோய் குணமானவர்களின் இதயங்கள் புதன்கிழமைதோறும் தாமாகவே மாடிப்படி இறங்கி வந்து, டாக்டரம்மாவின் அறை வாசலில் வரிசையாக உட்கார்ந்தன. அவர் பலத்தை அளந்து முடித்ததும் அவரவர் நெஞ்சுக்குத் திரும்பிப் போயின. நிர்வாகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளிகளுக்கான நாற்காலியில் இதயங்கள் உட்காரக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது.

மேல்மாடியில் புற்றுநோய்ப் பிரிவு. கட்டி கரைந்ததும் ‘குணம்’ என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு மூச்சு வாங்கினால் அது கீழ்மாடி இதயப் பிரிவின் தலைவலி. அவர்களோ, “உங்க மருந்து பண்ண வேலை, நீங்களே பாருங்க” என்று மேலே அனுப்புவார்கள். இரண்டுக்கும் நடுவே, படி திரும்பும் இடத்தில், அழுக்குத் துணி போட்டுவைத்த அறையை டாக்டரம்மாவுக்கு ஒதுக்கி ‘ஆராய்ச்சி மையம்’ என்று பலகை மாட்டினார்கள். பலகை அறையைவிட அகலம்.

இருபத்திரண்டு வருடமாக அவர் சொன்னது ஒன்றுதான். புற்றுநோய் மருந்தின் முதல் ஊசிக்கு முன்பே இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பலத்தைக் குறித்து வையுங்கள். முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாமல், மருந்து எவ்வளவு கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? மாநாடுகளில் கைதட்டிக் கேடயம் கொடுத்தார்கள். திரும்பிப் போய் வழக்கம்போல ஊசி போட்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

பிறகு அவருடைய அக்காவுக்கே மார்பில் கட்டி வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மருந்து தயார். விட்டால் நாலு நாள் விடுமுறை. பதறிப்போன டாக்டரம்மா உடனே போடச் சொல்லிவிட்டார். ஸ்கேன் எடுக்கவில்லை. உபதேசம் எப்போதும் ஊருக்குத்தான்.

மூன்றாவது ஊசிக்குப் பின் அக்காவால் நாலு படி ஏற முடியவில்லை. இதயத்தில் பாதி பலம்தான் இருந்தது. மருந்தாலா, முன்பே அப்படியா, யாருக்கும் தெரியாது. நிறுத்தினால் கட்டி வளரும். தொடர்ந்தால் இதயம் நிற்கும். மேல்மாடி போடலாம் என்றது, கீழ்மாடி கூடாது என்றது.

“முன்னாடி அளந்து பாத்தியாடி?” என்று அக்கா கேட்டார்.

“இல்லக்கா. பயந்துட்டேன்.”

“ஊரையெல்லாம் அந்தத் திட்டு திட்டுன!” அக்கா சிரித்தார், சிரிப்புக்கே இரைத்தது. டாக்டரம்மா அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அந்தப் புதன்கிழமை அக்காவின் இதயமும் இறங்கி வந்தது. மற்றவை குணமான பிறகுதான் வரும். அக்காவுக்கு எதிலும் அவசரம். டாக்டரம்மா அதைத் திருப்பி அனுப்பவில்லை. மேசைமேல் மடித்த துண்டில் வைத்துவிட்டு, மிச்ச ஊசிகளைப் போடச் சொல்லி மேல்மாடிக்கு ஃபோன் செய்தார். இல்லாத இதயத்தை எந்த மருந்து கெடுக்கும்?

கட்டி கரைந்தது. மேல்மாடி ‘குணம்’ என்று எழுதியது. கீழ்மாடி ஸ்கேனில் இதயமே தென்படாததால் ‘இதயக் கோளாறு ஏதுமில்லை’ என்று கையெழுத்திட்டது. அந்த மருத்துவமனையில் இரண்டு பிரிவும் ஒத்துப்போன முதல் நோயாளி அக்காதான். அக்கா வீட்டுக்கு இதயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “உங்கிட்டயே இருக்கட்டும், இங்க உங்க அத்தான் டிவி சத்தத்துல அது தூங்காது” என்று சொல்லிவிட்டார்.

ஒன்பது வருடமாகிறது. தினமும் காலையில் அக்கா ஃபோன் செய்கிறார்.

“எப்படி இருக்கு?”

டாக்டரம்மா மேசையைப் பார்க்கிறார். “நல்லா அடிச்சுக்குதுக்கா.”

“சரி, குக்கர் விசில் அடிக்குது. வைக்கறேன்.”