நிரந்தர முகவரி: தறி வீடு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஆரணியில் ஓர் இ-சேவை மையத்தில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு நெசவாளர், மகளின் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்.

"நிரந்தர முகவரி இன்னாண்ணா?"

"தறி வீடு."

"இப்ப குடியிருக்கிறது?"

"தூங்கறதா? அது வாடகை வீடு, மாறிகினே இருக்கும். ரெண்டுக்கும் தறி வீட்டையே போடுப்பா."

கேட்டுக்கொண்டிருந்த மையத்துக்காரர் கணினியில் 'இரண்டும் ஒன்றே' என்று டிக் அடித்தார். விசாரணைக்கு வரும் போலீஸ் அந்த டிக்கை நம்பித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இனி வருவதெல்லாம் கற்பனை.

2

பட்டுக்குப் பேர்போன ஆரணியில் அன்று வெயில்... (வேண்டாம். வெயில் இல்லாத ஊர் எது?)

நெசவாளர் தனசேகரனின் வீட்டில் ஒரே அறை. அந்த அறை முழுக்கக் குழித்தறி.

இது போதும். ஆனால் குழித்தறியை விளக்காமல் என்னால் நகர முடியாது. நெய்பவர் தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை விட்டு மிதிகளை மிதிப்பார். தறியின் கால்கள் தரைக்குள் புதைந்திருக்கும். இடம் மாற்றினால் புதிதாகக் குழி தோண்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து பூட்ட வேண்டும். ஆகவே தறி நகராது. மனிதர்கள்தான் வாடகை வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். ஆதார், ரேஷன் அட்டை, கரண்ட் பில் எல்லாம் தறியோடு தங்கிவிடும்.

3

மனைவி பானுப்ரியா மஸ்கட்டில் நர்ஸ். மகள் அம்மாவை நேரில் பார்த்து இரண்டு வருடமாகிறது. மே விடுமுறைக்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் அடுத்த மே.

(மகளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. பாஸ்போர்ட்டில் ஏறும் பெயரை அவசரத்தில் வைத்தால், மாற்றுவதற்கு இன்னொரு கதை எழுத வேண்டும்.)

4

விசாரணைக்குக் காவலர் தமிழ்ச்செல்வி வருகிறார். அவரைக் கடுகடுப்பானவராகத்தான் எழுதத் தொடங்கினேன். தறியைப் பார்த்ததும் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டார். என் திட்டம் கெட்டது.

"அடுப்பு எங்கண்ணா?"

"வாடகை வீட்லங்க."

"பாய், தலகாணி?"

"அதுவும் அங்கதாங்க."

"அப்போ இங்க யாரு குடியிருக்கா, தறியா?"

சாட்சிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் காத்தவராயன் சிரித்தார். "விடிஞ்சா வந்துருவாரு மேடம். பொண்ணும் இஸ்கூல் விட்டா இங்கதான் வரும். தூங்கறதுக்குன்னு ஒரு வீடு, அத்தப் போயி கேட்டுகினு."

"அத்ததாண்ணா கேக்கச் சொல்லிக்கீறாங்க."

தாயிடமும் கேட்க வேண்டும் என்று தமிழ்ச்செல்வி பானுப்ரியாவை வீடியோவில் கூப்பிடச் சொன்னார்.

"உங்க வீடு எங்கம்மா?"

"தறி கீற வீடுதாங்க."

"வாடகை வீடு?"

"அது எந்தத் தெருன்னே தெரியாதுங்க. நான் இங்க வந்தப்புறம் ரெண்டு தபா மாத்திட்டாங்க."

தமிழ்ச்செல்வி தன் கைப்பேசியில் விசாரணைப் படிவத்தைத் திறந்தார்.

5

முதல் முடிவு: 'வசிக்கவில்லை.' விண்ணப்பம் நின்றுவிடும். வாடகை ஒப்பந்தம் தரவே தராத வீட்டுக்காரரிடம் தனசேகரன் கெஞ்ச வேண்டும். மே போய்விடும்.

இன்னொரு முடிவு: 'வசிக்கிறார்கள்.' மகள் விமானம் ஏறுவாள். ஆனால் தமிழ்ச்செல்வி எழுதியது பொய்யாகிவிடும். பொய்தானா? வீடு என்பது ஒருவர்... (இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கி விட்டுவிட்டேன்.)

தமிழ்ச்செல்வியின் கைப்பேசியில் 'இந்த முகவரியில் வசிக்கிறார்களா?' என்ற கேள்வி திறந்திருக்கிறது. ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். மூன்றாவதாக ஒன்றை நான் வரையலாம். அதை எந்த அலுவலகமும் ஏற்காது.

எனக்கு விரல் போகவில்லை. நீங்கள் தொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பானுப்ரியா இன்னும் லைனில்தான் இருக்கிறார்.