மக்கிஷ் என்றால் பன்றியின் முதுகு

குளிப்பாட்டும்போதுதான் சீமஸ் கத்துவார். வெஸ்ட்மீட் பக்கத்து முதியோர் இல்லத்தில் சஜிதா பார்த்துக்கொள்ளும் ஆறு பேரில் அவர்தான் மூத்தவர், தொண்ணூற்றொன்று. வெந்நீர் தோளில் பட்டதும் கண்ணை மூடி ஏதோ சொல்லத் தொடங்குவார். போகப்போகக் குரல் உயரும்.

“உன்ர ஆள் கச்சேரி துவங்கிட்டார். சுதிப்பெட்டி கொண்டு வரட்டே பிள்ளை?” என்று அடுத்த அறையிலிருந்து, கூட வேலை செய்யும் யோகா அக்கா கேட்பாள். சஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பிறகு படிவம் நிரப்ப வேண்டும். “அர்த்தமில்லாத கூச்சல்” என்று நான்கு வாரம் எழுதினாள். ஐந்தாம் வாரம் டாக்டர் அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டு, அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கூட்டினார். சீமஸ் அடங்கிப்போனார். சஜிதாவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

மெல்பேர்னிலிருந்து சீமஸின் மகள் மோயா வந்தாள்.

“அப்பா குளிக்கும்போது மலைகளைச் சொல்வாரே, இன்னும் சொல்கிறாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சிறுவயதில் அவளைக் குளிப்பாட்டும்போதும் சொல்வாராம். அயர்லாந்தில் அவர் பிறந்த வீட்டு வாசலிலிருந்து தெரியும் மலைகள், ஐரிஷ் மொழியில், வரிசையாக. மக்கிஷ் என்றால் பன்றியின் முதுகு. எர்ரிகல் என்றால் சிறிய செபக்கூடம். இரண்டும் வரைபடத்தில் இருக்கின்றன. இடையிலுள்ள குன்றுகளுக்கு அந்த ஊரார் வைத்த பெயர்கள் எதிலும் இல்லை. அவற்றைப் பதிவு செய்யத்தான் வந்திருந்தாள்.

“நீங்கள் தினமும் கேட்டிருப்பீர்களே. ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா?”

சஜிதா நினைத்துப் பார்த்தாள். குரல் ஏறியது ஞாபகம் இருந்தது. ஒரு பெயரும் வரவில்லை.

“நீ என்ன செய்யிறது? எழுதச் சொன்னவை, எழுதினனீ,” என்றாள் யோகா அக்கா, தேநீர் நேரத்தில்.

“தெரியாத பாஷை எண்டு எழுதியிருக்கலாம், அக்கா.”

யோகா அக்கா கோப்பையைக் கழுவப் போனாள். தன் மூத்த மகன் பிறந்தபோது பிரசவ அறையில் சஜிதா தமிழில்தான் கத்தினாள். அந்த மருத்துவிச்சி என்ன எழுதியிருப்பாள்?

மோயா கேட்டுக்கொண்டதும் மாத்திரையைக் குறைக்க டாக்டர் சம்மதித்தார். பேச்சு திரும்பும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

மறுவாரம் மோயாவும் குளியலறைக்கு வந்தாள். சீமஸ் வாய் திறக்காமல் இருந்தார். ஆவி படிந்த கண்ணாடியில் மோயா விரலால் மலைகளை வரைந்தாள். ஒரு ஓரத்தில் மக்கிஷ், மறு ஓரத்தில் எர்ரிகல். நடுவே பெயரில்லாமல் நான்கைந்து மேடுகள். சீமஸ் கண்ணைத் திறந்து அதையே பார்த்தார். உதடு அசைந்தது. சஜிதா சட்டென்று தண்ணீரை நிறுத்தினாள். நடு மேடு ஒன்றிலிருந்து ஒரு துளி திரண்டு, கோட்டை அழித்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறங்கியது.