சமுத்திரம் திருப்பிக் கொடுத்த விலக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகிற சாலையில் இருந்த அந்தக் கத்தோலிக்கக் குருமடத்தில், பாடங்களுக்கும் மதிப்பெண்களுக்கும் ஃபாதர் ஜெபின்தான் பொறுப்பு. கட்டுரையைத் தாமதமாகக் கொடுத்தால் யாராக இருந்தாலும் மதிப்பெண் குறையும். அப்பேர்ப்பட்டவர், சமுத்திரம் என்ற மாணவருக்கு ஒரு பாடத்திலிருந்து விலக்கு கொடுக்கலாம் என்று தாமே எடுத்துச் சொன்னது மற்றப் பேராசிரியர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சமுத்திரம் ராணுவ மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு குருவாக வேண்டும் என்று வந்து சேர்ந்தவர். நாற்பதைத் தாண்டியவர், ஜெபினைவிட மூத்தவர். மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பருவம் முழுக்க ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளோடு பேச வேண்டும். பேசியதில் ஒன்றை வாரந்தோறும் வார்த்தைக்கு வார்த்தை எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நான்கு கிரெடிட். ஏற்கெனவே அனுபவம் உள்ளவருக்கு அதிலிருந்து விலக்குக் கொடுக்க விதியில் இடம் உண்டு. ஜெபின் சமுத்திரத்தின் சான்றிதழ்களை எல்லாம் படித்துப் பார்த்து, கல்விக் குழுவில் பேசி, அந்த நான்கையும் வாங்கிக் கொடுத்தார்.

சமுத்திரம் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தானாகவே அந்த மருத்துவமனைக்குப் போய் வந்தார். தை மாதத்தில் ஒரு நாள், சோழபுரத்து மில் தொழிலாளி காசிராஜனைப் பார்த்தார். தலையணையைச் சரிசெய்தார், எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று விளக்கினார், கஞ்சியில் உப்பைக் குறைக்கச் சொன்னார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மறுவாரம் அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். இறப்புச் சான்றிதழ் விஷயமாக வந்திருந்த காசிராஜனின் மனைவி வேலுத்தாய், வாசலில் அவரைப் பார்த்ததும் அருகே வந்தாள். அவள் குரலில் குறை ஏதும் இல்லை.

“அவிய ஒங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு இருந்தாவ சாமி. நீங்க பொறப்பட்டுட்டிய.”

அன்று மாலையே சமுத்திரம் ஜெபினின் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. காசிராஜனோடு பேசியதை, வகுப்பில் கேட்கிற மாதிரி எழுதிப் பார்த்தாராம். எழுதியதெல்லாம் தன் பேச்சாகவே இருந்ததாம். அந்த மனிதர் சொன்னதாக நினைவில் நின்றது “சரிங்க” ஒன்றுதானாம். விலக்கை ரத்து செய்யும்படி கேட்டார்.

ஜெபினுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பயிற்சி இனி ஜூனில்தான் தொடங்கும். அப்படியானால் குருவாவதற்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்தை ஏப்ரலில் தன் தோழர்களோடு சமுத்திரம் பெற முடியாது, ஓராண்டு போய்விடும். விதிப்படிதான் கொடுத்தோம், மனது கேட்காவிட்டால் கூடுதலாக ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்றார்.

“விதியில ஒரு கொறையும் இல்ல ஃபாதர். எனக்குக் கட்டுப் போடத் தெரியும், ஊசி போடத் தெரியும். ஒருத்தர் பேசுனா கேட்டுக்கிட்டு இருக்கத் தெரியல. அது தெரியாம, தன் பாவத்தச் சொல்ல ஒருத்தர் வந்தா நான் எப்படிப் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காருவேன்?”

ஜெபின் அந்தக் கோரிக்கையைக் கல்விக் குழுவில் வைத்தார். குழுவில் ஒருவர் இதை வீண் பிடிவாதம் என்றார். குருமட அதிபர் ஜெபினின் கருத்தைக் கேட்டார். அவர் படிக்கட்டும், ஒரு பாடத்தைக் கேட்டுப் பெறுகிற உரிமை மாணவருக்கு உண்டு என்றார் ஜெபின்.

ஏப்ரலில் மகனுக்குப் பட்டம் என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்த சமுத்திரத்தின் அம்மா பெத்தம்மாள், விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, “பெயிலாயிட்டியாலே?” என்று மட்டும் கேட்டாள். ஏப்ரலில் தோழர்களுக்குப் பட்டம் கொடுத்தபோது, சமுத்திரம் பாடகர் குழுவில் நின்று பாடினார்.

செப்டம்பரில் ஒரு நாள், மேற்பார்வைக்காக ஜெபின் ராஜபாளையம் போனார். தேவதானத்துப் பெரியவர் ஒருவரின் கட்டில் அருகே ஸ்டூலில் சமுத்திரம் உட்கார்ந்திருந்தார். போலீஸில் இருக்கும் மகன் தன்னோடு பேசுவதில்லை என்று பெரியவர் விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே நெடுநேரம் மௌனம். பழைய சமுத்திரமாக இருந்தால் அந்த இடைவெளியில் நாடி பிடித்துப் பார்த்திருப்பார். இப்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜெபின் உள்ளே போகாமல் திரும்பி நடந்தார். தான் மாணவராக இருந்த நாளில், இதே வார்டில் நோட்டை நிரப்பும் அவசரத்தில் கட்டில் கட்டிலாக ஓடியது அவருக்கு நினைவு வந்தது.

அந்த வாரம் சமுத்திரம் வாசித்ததில் பெரும்பகுதி பெரியவரின் பேச்சுதான். வகுப்பு அசையாமல் கேட்டது. ஆனாலும் இறுதிக் கட்டுரை சுமாராகத்தான் இருந்தது. ஜெபின் பி பிளஸ்தான் போட்டார். எங்கே தவறவிட்டேன் என்று சமுத்திரம் வந்து கேட்டுத் திருத்திக்கொண்டு போனார்.

மறு ஏப்ரலில் தன்னைவிட மிக இளையவர்களோடு வரிசையில் நின்று அவர் திருத்தொண்டரானார். வத்திராயிருப்பிலிருந்து வேனில் ஆட்களோடு வந்திறங்கிய பெத்தம்மாள், ஜெபினைத் தேடிப் பிடித்தாள்.

“எம்மவன் நல்லாப் படிச்சானா சாமி?”

“நாங்க கேட்டதுக்கு மேலயே படிச்சாரும்மா” என்றார் ஜெபின். யாரையும் எளிதில் பாராட்டாதவர் அவர் என்பது பெத்தம்மாளுக்கு எப்படித் தெரியும்? பிஷப் கிளம்புவதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று மகனைத் தேடிப் போய்விட்டாள்.